பூட்டு யாருக்கு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "கணினியின் பயன்கள்" என்று ஒன்றை எழுதித் தள்ளிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். "கணினி இல்லாத துறையே இல்லை" என்று தொடங்கி, "கணினி யுகம் வாழ்க" என்று முடித்தால் இரண்டு பக்கம் தாராளமாக நிரம்பிவிடும். ஆனால் அதை யார் படிப்பது? ஆகவே எங்கள் இறுதியாண்டு புராஜெக்டில் நாங்கள் செய்த ஒரு தப்பையும், அந்தத் தப்பு எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும் எழுதலாம் என்று துணிந்துவிட்டேன். மார்க் போட்டு முடித்துவிட்டார்கள். இனி உண்மையைச் சொன்னால் நஷ்டமில்லை!

உறை போட்ட கணினி

நான் படித்த பள்ளியில் ஒரு கணினி அறை இருந்தது. பத்து கணினிகள். பத்துக்கும் பூப்போட்ட துணியில் உறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரிசையாக உள்ளே போவோம். மூன்று பேருக்கு ஒரு கணினி. மவுசைப் பிடிப்பவன் ஒருவன். மற்ற இருவரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். "எதையும் நோண்டாதே! கெட்டுப்போனா யார் காசு கட்டுறது?" என்ற அதட்டல் மட்டும் எல்லோருக்கும் பொது. அந்த அறையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கணினியைக் கண்டால் பயப்படுவது. அந்தப் பயம் தெளிய எனக்கு டிப்ளமோ இரண்டாம் ஆண்டு வரை ஆயிற்று.

உங்களில் பலருக்கும் இதே அனுபவம் இருக்கும். அதனால்தான், புராஜெக்ட் என்று வந்தபோது, குழந்தைகள் பயமில்லாமல் தொடக்கூடிய ஒரு பொதுக் கணினியைச் செய்து வைக்க வேண்டும் என்று நாங்கள் நால்வர் முடிவெடுத்தோம். "எதுக்குடா இந்த வேண்டாத வேலை? டவுன்ல ரெடிமேடா புராஜெக்ட் விக்கிறாங்க, ரிப்போர்ட்டோட தர்றாங்க" என்றார்கள் சில சீனியர்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

நண்பன் ஒருவன் ஊரில் ஒரு சிறிய நூலகம் இருக்கிறது. மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் பதினைந்து, இருபது பேர் அங்கே வந்து உட்கார்வார்கள். நால்வரும் பங்கு போட்டுப் பழைய கணினி ஒன்றை வாங்கினோம். 4 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். நூலகர் அம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல காரியம்தான் தம்பி. ஆனா இந்தப் பசங்க ஒரே வாரத்துல கெடுத்துருவாங்களே! அப்புறம் யாரு வந்து பாக்குறது?"

"கெடுக்கவே முடியாத மாதிரி செஞ்சு தர்றோம் மேடம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம்!

லினக்ஸ் ஏன்?

1991-இல், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தன் சொந்தக் கணினிக்காக எழுதத் தொடங்கியது லினக்ஸ். அதை உலகத்துக்கே திறந்து விட்டார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். நம் பக்கத்து மாநிலமான கேரளாவில் அரசுப் பள்ளிகளே லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற பெயரில் இந்திய மொழிகளுக்காக ஒரு லினக்ஸைச் செய்திருக்கிறது.

எங்களுக்கு இலவசம் என்பது ஒரு காரணம், பொய் சொல்வானேன்! ஆனால் அதைவிடப் பெரிய காரணம், லினக்ஸில் எந்தக் கதவை மூடுவது, எந்தக் கதவைத் திறப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம். குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்ட நல்ல மென்பொருள்களும் உண்டு. படம் வரைய 2002-இல் வந்த டக்ஸ் பெயின்ட். எண்ணும் எழுத்தும் விளையாட்டும் சேர்ந்த ஜீகாம்ப்ரீ. டக்ஸ் பெயின்டில் படத்துக்குப் பெயர் வைத்துச் சேமிக்கும் தொல்லைகூட இல்லை. சேமி என்றால் சேமித்துக்கொள்ளும். திறந்தால் எல்லாப் படமும் சின்னச் சின்னதாகத் தெரியும். எழுதத் தெரியாத குழந்தைக்கும் போதும். பழைய கணினிக்கு ஏற்றபடி ஜுபுண்டு என்ற லினக்ஸை நிறுவினோம்.

முதல் முயற்சி: எல்லாவற்றையும் பூட்டு!

ஆர்வக்கோளாறு என்பார்களே, அதுதான். முதல் நாளே பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்தோம். கணினியைப் போட்டதும் கடவுச்சொல் கேட்காமல் நேரே உள்ளே போகும். ஆனால் நிர்வாக அதிகாரம் எதுவும் இருக்காது. "முடிந்தது வேலை" என்று பஸ் ஏறினோம். நான்காம் நாள் நூலகர் அம்மாவிடமிருந்து போன்.

"தம்பி, வைரஸ் வந்துருச்சு. ஸ்கிரீன் பூரா கருப்பாயிருச்சு!"

போய்ப் பார்த்தால் வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-2 மூன்றையும் சேர்த்து அழுத்தியிருக்கிறார்கள். லினக்ஸ் தன் எழுத்துத் திரையைக் காட்டிக்கொண்டு, பெயரைச் சொல் என்று கேட்டபடி சமர்த்தாக நிற்கிறது. அந்தக் குறுக்கு வழியை அடைத்தோம். அடுத்த வாரம், கீழே இருந்த பட்டையையே காணோம். இழுத்து எங்கோ விட்டிருக்கிறார்கள். பட்டையைப் பூட்டினோம். அடுத்து, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டு, கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலைக் கண்டுபிடித்துவிட்டான்!

நம் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கிரப் பட்டியலில் ஈ என்ற எழுத்தை அழுத்தினால், கணினி எப்படித் தொடங்க வேண்டும் என்ற வரிகளையே திருத்தலாம். விஷயம் தெரிந்தவன் அங்கே ஒரு சொல்லைச் சேர்த்தால், கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகியாக உள்ளே போய்விடுவான். முன்வாசலுக்கு ஏழு பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான். ஆகவே திருத்துவதற்கு மட்டும் கடவுச்சொல் கேட்கும்படியும், சாதாரணமாகத் தொடங்கக் கேட்காதபடியும் கிரப்பை அமைத்தோம். பயாஸுக்குள் போய், ஹார்டு டிஸ்கிலிருந்து மட்டுமே தொடங்கும்படி வைத்து, அதற்கும் கடவுச்சொல் போட்டோம். போர்டில் உள்ள பேட்டரியைக் கழற்றினால் பல பழைய கணினிகளில் அந்தக் கடவுச்சொல் அழிந்துபோகும். அதனால் பெட்டியின் மூடிக்கும் ஒரு பூட்டு!

அதோடு விட்டோமா? மெனுவைச் சுருக்கினோம். ரைட் கிளிக்கை எடுத்தோம். படம் மாற்றக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது, கோப்புறையைத் திறக்கக்கூடாது. கடைசியில் திரையில் மிஞ்சியது நான்கு படக்குறிகள். அதைத் தவிர எதைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது.

மூன்று வாரம் போன் வரவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை போய், "எப்படி மேடம் ஓடுது?" என்று கேட்டோம்.

"இப்பதான் தம்பி நல்லா இருக்கு. யாரும் தொடுறதே இல்ல."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். கணினி மேல் ஒரு துணி கிடந்தது. பூப்போட்ட துணி!

இரண்டாவது முயற்சி: டிரேசிங் பேப்பர்

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. நான் ஓடி வந்த அதே அறையை, நானே இன்னொரு ஊரில் கட்டி வைத்துவிட்டேன்.

1999 ஜனவரி 26 அன்று, டில்லியில் கல்காஜி என்ற இடத்தில், சுகதா மித்ரா என்பவர் தம் அலுவலகச் சுற்றுச்சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பகுதிப் பக்கம் பார்த்தபடி ஒரு கணினியை வைத்தார். வாத்தியார் கிடையாது, வகுப்பு கிடையாது. பிள்ளைகள் தாங்களாகவே கூட்டம் கூட்டமாக வந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். அங்கே பிள்ளைகள் கற்றது, அதை நோண்டியதால்தான். நோண்ட விடாத கணினி வெறும் டி.வி. பெட்டி.

அப்படியானால் கேள்வியையே மாற்ற வேண்டும். "குழந்தை கெடுக்காமல் எப்படித் தடுப்பது?" என்று கேட்டதுதான் தப்பு. "கெடுத்தாலும் கெடாமல் எப்படி வைப்பது?" என்று கேட்க வேண்டும்.

அதற்கு லினக்ஸில் வழி இருக்கிறது. ஓவர்லே என்று பெயர். 2014 டிசம்பரில் வந்த 3.18 பதிப்பிலிருந்து லினக்ஸ் கருவிலேயே இது உண்டு. நம் டிராயிங் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அசல் வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்துக் கிறுக்குகிறோம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே படமாகத் தெரியும். ஆனால் பேனா பட்டது மேல் தாளில்தான். தாளை எடுத்தால் அசல் அப்படியே இருக்கும். இங்கே அசல் என்பது ஹார்டு டிஸ்க். படிக்க மட்டுமே முடியும். டிரேசிங் பேப்பர் என்பது நினைவகம். பிள்ளைகள் எதை மாற்றினாலும், எதை அழித்தாலும் அது நினைவகத்தில்தான் நடக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டால் தாள் போய்விடும். கணினி பிறந்த குழந்தை மாதிரி எழுந்து நிற்கும்.

உபுண்டு வகை லினக்ஸில் ஓவர்லேரூட் என்ற தொகுப்பை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். இன்னொரு லாபம்: வேலை நடக்கும்போது திடீரென்று கரண்ட் போனாலும் டிஸ்கில் உள்ள இயங்குதளத்துக்கு ஒன்றும் ஆகாது. அங்கே எழுதவே இல்லையே! நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிரப், பயாஸ், பெட்டி மூடி, இந்த மூன்று பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். ரைட் கிளிக் வந்தது. நிறம் மாற்றலாம், பட்டையைப் பிய்க்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நூலகர் அம்மாவிடம், "எது ஆனாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம், சரியாயிரும்" என்றோம். ஒரே வாரத்தில் கூட்டம் திரும்பியது. சுவிட்சை அணைத்துப் போட்டானே அந்த எட்டாம் வகுப்புப் பையன், அவன்தான் தலைவன். எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, மவுசின் அம்புக்குறியை மாற்றுவது எப்படி என்று சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பே எடுத்தான்!

வேலியே பயிரை மேய்ந்தது

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது நாலாம் வகுப்புப் பாப்பா ஒன்று என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அண்ணா, என் வீட்டை தினம் யாரோ அழிச்சிடுறாங்க."

எந்த வீடு என்று விசாரித்தால், டக்ஸ் பெயின்டில் அது வரைந்த வீடு. திங்கட்கிழமை வரைந்து சேமித்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காணோம். மறுபடி வரைந்திருக்கிறது. மறுநாளும் காணோம். இப்படியே வெள்ளி வரை ஐந்து நாள், ஒரே வீட்டை ஐந்து தடவை! தினம் மாலை நூலகர் அம்மா கணினியை அணைத்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போவார்? டிரேசிங் பேப்பரோடு வீடும் போயிற்று.

இதில் இன்னும் கொடுமை என்னவென்றால், பழி அந்த எட்டாம் வகுப்புப் பையன் மேல் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் நோண்டுகிறவன் அவன்தானே! பாப்பா அழுதிருக்கிறது. நூலகர் அம்மா அவனைக் கூப்பிட்டுத் திட்டி, இரண்டு நாள் உள்ளே வராதே என்று சொல்லிவிட்டார். கணினியைப் பற்றி அந்த ஊரிலேயே அதிகம் தெரிந்துகொண்ட பிள்ளை, நாங்கள் செய்த தப்புக்காக வெளியே நின்றான்.

அவனைத் தேடிப் போனோம். குளத்துக்கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. "தப்பு உன்னோடது இல்லடா, எங்களோடது. அது தினமும் எல்லாத்தையும் மறந்துடுற மாதிரி நாங்கதான் செஞ்சு வச்சோம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப ஏண்ணா அதைச் சொல்லல?"

நண்பர்களே, வைவாவில்கூட என்னிடம் இவ்வளவு கஷ்டமான கேள்வியை யாரும் கேட்கவில்லை.

எதைக் காப்பது?

திருத்துவது பெரிய வேலை இல்லை. ஹார்டு டிஸ்கில் 20 ஜி.பி. அளவுக்குத் தனிப் பகுதி பிரித்தோம். ஓவர்லேரூட் சாதாரணமாக மற்றப் பகுதிகளையும் சேர்த்தே மூடிவிடும். அப்படி மூடாதே என்று அதே வரியில் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில் எங்களுக்கு ஒரு முழு நாள் போயிற்று. பிறகு டக்ஸ் பெயின்ட் தன் படங்களை அந்தப் பகுதியில் சேமிக்கும்படி அமைத்தோம். அங்கே படம் வைக்கலாம். ஆனால் நிரலைக் கொண்டுவந்து வைத்து நேரடியாக இயக்க முடியாது. ஒரு பிள்ளையின் படத்தை இன்னொரு பிள்ளை தெரியாமல் அழித்துவிட்டால்? தினம் மாலை, எல்லாப் படத்துக்கும் ஒரு நகல், பிள்ளைகள் கை படாத நிர்வாகியின் கோப்புறைக்குப் போகும்படி செய்தோம். அதோடு, கணினிக்குப் பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டினோம்: "படம் மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் அணைத்தால் பழையபடி ஆகிவிடும்." அட்டையை எழுதியது அந்தப் பையன்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "சேதப்படுத்த முடியாத கணினின்னு தலைப்பு போட்டிருக்கீங்க. எழுதுறதுக்கு ஒரு இடத்தைத் திறந்து விட்டிருக்கீங்களே, இது ஓட்டைதானே தம்பி?"

"ஓட்டைதான் சார். அந்த ஓட்டைக்காகத்தான் சார் மத்தப் பூட்டெல்லாம்" என்றேன். அவர் ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஆனால் நான் அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். இயங்குதளத்தை ஒரு மணி நேரத்தில் மறுபடி நிறுவிவிடலாம். இணையத்தில் கிடைக்கிறது, பைசா செலவில்லை. அந்தக் கணினியில் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பாப்பா வரைந்த வீடு. நாங்கள் என்ன செய்தோம்? கடையில் கிடைப்பதைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, கிடைக்காததைத் தினமும் மாலை குப்பையில் கொட்டினோம். ஏன்? சேதம் என்ற சொல்லுக்குக் கணினிக்கு வரும் சேதம் என்று மட்டுமே பொருள் எடுத்துக்கொண்டோம்.

நமக்கு ஒரு வார்த்தை

எதிலும் தோற்காத அமைப்பு இது என்று நான் சொல்ல வரவில்லை. மவுசை ஒரு தடவை பிய்த்துவிட்டார்கள். நினைவகம் நிறைந்து போனால் திணறும். அணைத்துப் போட வேண்டும். இணைய இணைப்பை நாங்கள் கொடுக்கவே இல்லை. கூடவே உட்கார்ந்து வழிகாட்ட ஆள் இல்லாதபோது அதைத் திறந்துவிடுவது சரியில்லை என்று எங்களுக்குப் பட்டது. இதில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதி. ஆள் இல்லாமல் எந்தப் பெட்டியும் நிற்காது. டில்லிச் சுவர்க் கணினியைப் போலவே இமயமலைப் பக்கம் இரண்டு ஊர்களில் வைத்தவை நீடிக்கவில்லை என்று பாயல் அரோரா என்ற ஆய்வாளர் 2010-இல் எழுதினார். சுவரில் ஓட்டை போடுவது ஒரு நாள் வேலை; அதைக் கவனித்துக்கொள்வது தினசரி வேலை. பெரிய நிறுவனங்கள் அந்தத் தினசரி வேலைக்கு நம் கிராமத்து நூலகத்துக்கு வரப்போவதில்லை. வரக்கூடியவர்கள் நாம்தான். மல்டிமீட்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறத் தெரிந்த டிப்ளமோக்காரர்கள்!

வரும் ஆண்டு புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி, தங்கைகளே! விலைக்கு வாங்கிய ரிப்போர்ட்டுக்கும் மார்க் விழும், நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எதைச் செய்தாலும், பூட்டைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தப் பூட்டு எதைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேளுங்கள். பூட்டுவதாக இருந்தால், பூட்டியிருப்பதை உரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டதால் ஒரு பையன் இரண்டு நாள் வாசலில் நின்றான்.

படிப்பு முடிந்து நாங்கள் கிளம்பும் முன், அந்தக் கணினியின் நிர்வாகக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, நூலகர் அம்மாவிடம் கொடுத்தோம். "இதை யார்கிட்ட தம்பி கொடுக்கணும்?" என்று கேட்டார்.

"அந்தப் பையன் பத்தாம் வகுப்பு முடிச்சதும் அவன்கிட்ட கொடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.